ஒற்று வரவில்லை

"அழகா இருக்கு மாப்ளே, இல்லேன்னு சொல்லல. ஆனா பின்னூட்டம் போடுற பெட்டி எங்க?"

போனில் மைத்துனர் பெருமூச்சு விட்டார். "கீழ மூணு புள்ளி இருக்கு பாருங்க மாமா. அதைத் தொட்டா ஒரு அம்பு வரும். அம்பைத் தொட்டா பெட்டி வரும்."

வலைப்பூவின் சொந்தக்காரரான கண் பரிசோதகர் தொட்டார். வந்தது வானிலை அறிக்கை.

பத்தொன்பது வருட வலைப்பூ அது. கிளிப்பச்சைப் பின்னணி, அதன்மேல் சிவப்பு எழுத்து, ஓரத்தில் ஓயாமல் சுற்றும் கடிகாரம். எழுதியவரோ கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவர். "சார், உங்க வலைப்பூதான் நம்ம கடைக்கு ஆள் பிடிச்சுக் குடுக்குது" என்று முதலாளி நாலு பேர் முன்னால் சொல்லிச் சிரித்த அன்றுதான், அதை மாற்றியமைக்கும் பொறுப்பை மைத்துனரிடம் கொடுத்தார்.

இப்போது அது பெரிய ஹோட்டலின் வரவேற்பறை மாதிரி இருந்தது. வெள்ளை வெளேரென்று, ஆளில்லாமல்.

அவருக்கு வேண்டியதும் ஒரே ஓர் ஆள்தான். பெயர் ஒற்று. ஒற்றெழுத்தா, ஒற்றனா தெரியாது. ஆணா பெண்ணா, அதுவும் தெரியாது. பதினோரு வருடமாக ஒவ்வொரு பதிவுக்கும் ஒரே மாதிரிப் பின்னூட்டம்: "நான்காம் வரி. 'சுவற்றில்' தவறு, 'சுவரில்' சரி." நன்றாக இருக்கிறது என்று மறந்தும் சொன்னதில்லை. ஆரம்பத்தில் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எட்டு வருடங்களுக்கு முன், மனைவி இறந்த வாரம், கண்ணைத் துடைத்துத் துடைத்து ஒரு பதிவு எழுதினார். வரிக்கு வரி பிழை. ஒற்று ஒன்றைக்கூடத் தொடவில்லை. "படித்தேன்" என்று மட்டும் எழுதியிருந்தது.

அதன்பிறகு பதிவுக்கு ஒரு பிழையை வேண்டுமென்றே விட ஆரம்பித்தார், வருகிறவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு வைக்கிற மாதிரி. திருத்தம் வந்து சேர்ந்தால்தான் அன்றைக்குச் சாப்பாடு இறங்கும்.

புது வடிவம் வந்து மூன்று வாரம். ஒற்றைக் காணோம்.

"அந்த மூணு புள்ளி கண்ணுல படலையோ என்னவோ. பெட்டியை மேல கொண்டு வா மாப்ளே."

பெட்டி மேலே வந்தது. கூடவே கடவுச்சொல் கேட்டது. அதை எடுக்கச் சொன்னார். எடுத்ததும் முடி வளரத் தைலம் விற்பவர்களும் வரன் தேடித் தருபவர்களும் கும்பலாகப் புகுந்துவிட்டார்கள். அவர்களை விரட்ட, மனிதர்தான் என்று நிரூபிக்கச் சொல்லி மைத்துனர் ஒரு பரீட்சை வைத்தார். ஒன்பது படங்களில் படகு இருப்பவற்றைத் தொட வேண்டும். பரிசோதகரே இரண்டு முறை தோற்றார்.

"போதும்டா சாமி. பழசையே திருப்பிப் போடு."

"அது அழிஞ்சிடுச்சு மாமா. நீங்கதானே ஒரேயடியா தலைமுழுகச் சொன்னீங்க?"

வேறு வழி தெரியாமல் பிழைகளைக் கூட்டினார். பதிவுக்கு ஐந்து. பிறகு பதினைந்து. 'வெல்லம்' பெருக்கெடுத்து ஊருக்குள் புகுந்தது. நண்பர் ஆறுதலாக அவருடைய 'தோலை'த் தட்டிக்கொடுத்தார்.

ஒற்று வரவில்லை. அக்காவின் போன்தான் வந்தது.

"டேய், இடது கையைத் தூக்கு. தூக்க முடியுதா? எங்க, சிரி பார்ப்போம். வாய் கோணுதா?"

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா."

"ஒண்ணும் இல்லாதவனாடா வெல்லத்துல நீந்துவான்?"

அக்கா அத்தோடு விடவில்லை. கடைக்கும் போன் போட்டுவிட்டாள். மறுநாள் காலை முதலாளி பரிசோதகரையே பிடித்துச் சோதனை நாற்காலியில் உட்கார வைத்தார். எதிர் பெஞ்சில் வாடிக்கையாளர்கள் நாலைந்து பேர். நூலகத்தில் வேலை பார்க்கும் ஓர் அம்மாவும் அவர்களில் இருந்தார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து கண்ணைக் காட்டுவார்; ஒரு குறையும் இருக்காது; ஆனாலும் வருவார்.

"கடைசி வரியைப் படிங்க சார்."

வருடக்கணக்கில் பார்த்துப் பார்த்து மனப்பாடமாகிப்போன அட்டை. ஆனால் அவர் மனம் வேறெங்கோ இருந்தது. அன்று காலைதான், பிழையே இல்லாமல், இரண்டே சொல்லில் ஒரு பதிவு போட்டுவிட்டு வந்திருந்தார்: "ஒற்று, நலமா?" கடைப் படியேறும்வரை போனைப் பார்த்துக்கொண்டே வந்தார். பதில் இல்லை. அது நினைவுக்கு வந்ததும் அட்டை மொத்தமும் தண்ணீரில் மிதந்தது.

"தெரியலைங்க" என்றார்.

"பார்த்தீங்களா? கண்ணு போச்சு! அதான் எழுத்துல இவ்வளவு தப்பு!" முதலாளி கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தார்.

நூலகத்து அம்மா பெஞ்சைவிட்டு எழுந்தார்.

"அவர் கண்ணுக்கு ஒண்ணும் இல்லைங்க. எட்டு வருஷமா பதிவுக்கு ஒரு தப்பை எனக்குன்னே விட்டு வைப்பார். நலமான்னு வேற கேட்டிருக்கார், பதில் போடலாம்னா, அந்தப் பெட்டி என்னை மனுஷியாவே ஒத்துக்க மாட்டேங்குது!"