கயிற்றில் வந்த சீமைக் கார்

பழைய சீமைக் கார்க்காரர் என்று ஓர் இனம் உண்டு. கண்டுபிடிப்பது சுலபம். தெருவில் யாரும் அவருக்கு வணக்கம் சொல்ல மாட்டார்கள். சொன்னால் வண்டியைத் தள்ளச் சொல்வார்.

சித்தூர் மிஷன் காம்பவுண்டு தேவானந்தம் அந்த இனத்தில் மூத்தவர். சீமைக்கே திரும்பிய வெள்ளைக்கார டாக்டரிடம் வாங்கிய ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார். மேலே கூரை கிடையாது, கீழே ஆயில் நிற்காது, ஹாரன் அடித்தால் விளக்கு எரியும், விளக்குப் போட்டால் ஒன்றும் நடக்காது. ஆனால் எதிரே புது மாருதி வந்துவிட்டால் அதை அவர் பார்க்கும் பார்வை இருக்கிறதே, கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைத்த பழத்தைப் பங்காருபாளையம் மாங்காய் வியாபாரி பார்க்கிற பார்வை.

மச்சான் அசரியாவே மாருதி வாங்கிவிட்டால் பொறுப்பாரா?

"பிஸ்கட் டப்பாக்குச் சக்கரம் மாட்டிக்கினு வந்துட்டியா?"

"மைலேஜ் குடுக்குது மாமா."

"கழுதைகூடத்தான் குடுக்கும்."

மகள் ஞானசௌந்தரிக்குத் திருப்பதி சர்ச்சில் பத்து மணிக்குக் கல்யாணம். பெண்ணைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துப் போக வேண்டியவர் அப்பா. சீமைக் காரில்தான் இறக்குவேன் என்று சபதம் வேறு. பின்னால் அசரியா மாருதியில். சந்திரகிரிக்கு இந்தப் பக்கம் சீமைக் கார் இருமியது, புகைந்தது, நின்றது. பட்டுச் சேலையும் வெள்ளை முக்காடுமாக மணப்பெண்ணே இறங்கித் தள்ளினாள். அசையவில்லை.

"நைனா, ஒம்பதரை ஆவுது. மாமா வண்டில ஏறு."

"இத்த ரோட்ல தனியா உட்டுட்டா?"

"அப்ப என்ன யாரு உள்ள இட்டுக்கினு போறது?"

பெண்ணா, காரா? உங்களுக்கும் எனக்கும் இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அவர் யோசித்தார்.

அசரியா டிக்கியிலிருந்து கயிற்றை எடுத்து ரெண்டு வண்டியையும் சேர்த்துக் கட்டினார். பெண் முன்னால் மாருதியில். அப்பா பின்னால், கோட்டும் டையுமாக, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி.

சர்ச் வாசலில் பாதிரியார் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஊரே கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றது. தேவானந்தம் இறங்கினார், தூசி தட்டினார், மகள் கையைப் பிடித்தார். படியேறும் முன் மச்சான் பக்கம் திரும்பினார்.

"பாத்தியா, உன் புது வண்டி பின்னாடியே வந்தேன். ஒரு அடி உட்டனா?"

"இல்ல மாமா."

"மைலேஜ் மைலேஜ்னியே. சந்திரகிரிலருந்து எனக்கு ஒரு சொட்டு செலவில்ல."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் வீட்டில் தலையில் ரெண்டு தட்டினால்தான் பாடும் ரேடியோ ஒன்று இருக்குமே, அதை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டு டிரான்சிஸ்டரைப் பற்றி நேற்று என்ன சொன்னீர்கள்?