சாயம் ஏறாத நூல்

இனிமேல் பொய் சொல்வதில்லை என்று போன வெள்ளிக்கிழமை முடிவெடுத்தேன். அதற்கு முந்தைய மூன்று வாரம் நான் செய்ததைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. சொல்லாமலும் முடியாது, எங்கள் பிள்ளையார்பாளையம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

பட்டுக்குச் சாயம் போடுவது என் தொழில். சாயத் தண்ணீர் குழாய் வழியாகக் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டுக் கொல்லையில் ஓடும் சாக்கடையில் விழும். அதில் குரோமியம், செம்பு எல்லாம் இருக்கிறதாம், அது அந்த வீட்டு லில்லியின் கிணற்றில் இறங்குகிறதாம். என் மனைவி கலையரசி ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டுவந்து சொன்னாள். கையோடு கொல்லையில் தொட்டி கட்டவைத்து ஆகாயத்தாமரையை மிதக்கவிட்டாள். வேர் உலோகத்தை உறிஞ்சிக்கொள்ளுமாம்.

"தண்ணிய ஆறவச்சு, நல்ல தண்ணி கலந்து, கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க" என்றாள்.

நான் இருபது வருஷச் சாயக்காரன். எனக்கா பாடம்? அண்டாவோடு தூக்கிக் கொதிக்கக் கொதிக்க ஊற்றினேன். செடியெல்லாம் கடைந்த கீரையாகிவிட்டது.

அவள் முகத்தில் எப்படி விழிப்பது? வெந்ததைக் குப்பையில் புதைத்தேன். ஏரிக்குச் சைக்கிள் மிதித்துப் புதுச் செடி கொண்டுவந்தேன். தொட்டியில் போர் தண்ணீரை நிரப்பினேன். சாயத் தண்ணீரைப் பழையபடி குழாயிலேயே விட்டேன். செடி செழித்து ஊதாப் பூ பூத்தது. தெருவே வந்து பார்த்தது. வேர் எப்படி உறிஞ்சுகிறது என்று ஆளுக்கொரு சொற்பொழிவு ஆற்றினேன். லில்லி கையெடுத்துக் கும்பிட்டாள். அப்போது மட்டும் அவள் முகத்தைப் பார்க்காமல் செடியைப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை தண்ணீரைச் சோதிக்க அதிகாரி வருவதாகச் செய்தி. தேறாவிட்டால் பட்டறைக்குப் பூட்டு. போர் தண்ணீர் தேறாமல் போகுமா? சலவை வேட்டி கட்டி நின்றேன்.

அதிகாரி வருவதற்குள் கலையரசி தொட்டியில் கைவிட்டு ஒரு செடியை எடுத்தாள். வேரில் வெள்ளைப் பட்டு நூல் கட்டியிருந்தது.

"மூணு வாரமா இது இந்தத் தண்ணியிலதான் கிடக்குது. சாயத் தண்ணியில பட்ட போட்டா என்னங்க ஆவும்?"

"சாயம் ஏறும்."

"ஏறியிருக்குதா?"

நூல் வெள்ளை வெளேரென்று இருந்தது. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். லில்லியின் கிணற்றைக் கெடுத்தவன் நான்தான், பட்டறையை மூடிவிடலாம் என்றேன்.

அவள் என்னை லில்லி வீட்டுக் கொல்லைக்கு அழைத்துப்போனாள். என் குழாயின் மறுமுனை சாக்கடையில் இல்லை. ஒரு டிரம்மில் இருந்தது. தண்ணீர் அங்கே ஆறி, செடி மிதக்கும் மூன்று தொட்டிகளைத் தாண்டி வந்தது. முதல் தொட்டியில் கட்டிய நூல் அரக்கு, இரண்டாவதில் ரோஸ், கடைசியில் வெளுப்பு.

"செடிய நீங்க குப்பையில பொதைச்சத பார்த்த அன்னைக்கே நானும் லில்லியும் குழாய திருப்பிட்டோம்" என்றாள். "அதிகாரிக்கு இதத்தான் காட்டப்போறோம்."

தலை நிமிரவில்லை. ஒன்றே ஒன்று கேட்டேன். "அப்ப லில்லி என்னை ஏம்மா கும்பிட்டா?"

"உங்களையா? நான் உங்க பின்னாலதான நின்னுக்கினு இருந்தேன்."