ராணுவத்துக்கு நான் ஏழு கிலோ அதிகம்

ஸ்ரீரங்கத்தில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. காதல் தோல்வியில் கொள்ளிடம் பாலத்திலிருந்து குதிக்கப் போனவள் என்று. சுத்தப் பொய். எனக்குக் காதலே இருந்ததில்லை. இருந்தது ஏழு கிலோ அதிகப்படி எடை. (குதிப்பதென்றாலும் மே மாதக் கொள்ளிடத்தில் மணல்தான் கிடக்கும். அந்த அளவுக்காவது எனக்குப் புத்தி இருந்தது என்று நம்புங்கள்.)

கல்லூரியில் நான் குண்டு எறிதல் வீராங்கனை. ராணுவ அதிகாரி ஆவதற்குத் தேர்வு எழுதி, ஐந்து நாள் நேர்முகத்துக்கும் போய் வந்தேன். அங்கே சுவர் தாண்டினேன், கட்டையைச் சுமந்துகொண்டு ஓடினேன், கயிறு ஏறினேன். பாதிக் கயிற்றில் தொங்கிக்கொண்டு அழுத ஒரு பெண்ணுக்குத் தோள் கொடுத்து இறக்கியும் விட்டேன். இருவருமே தேர்வானோம். பிறகு மருத்துவப் பரிசோதனை. அவள் தகுதி. நான் தகுதியில்லை.

பரிசோதித்த பெண் மேஜருக்குத் தமிழ் தெரிந்திருந்தது. “உன் உயரத்துக்கு ஏழு கிலோ அதிகம்மா.”

“மேடம், இது கொழுப்பு இல்ல. தசை. நான் குண்டு எறியறேன்.”

“எனக்குத் தெரியுது. அட்டவணைக்குத் தெரியாதே. ஆறு வாரத்துல குறைச்சுட்டு மேல்முறையீட்டுக்கு வா.”

என் வயதுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் டவுன் பஸ் டிரைவரான அப்பா கொதித்துப் போனார். “ராணுவம்னாலே குண்டுதானே? குண்டா இருந்தா என்னவாம்?” கே.கே. நகரில் ஒரு ஜிம்மில் உடம்புக் கொழுப்பை அளக்கும் மெஷின் இருக்கிறது என்று கேள்விப்பட்டு ஓடினேன். ஏறி நின்று இரண்டு கைப்பிடிகளையும் பிடித்தேன். கொழுப்பு அளவோடுதான் இருக்கிறது என்று சீட்டு வந்தது. அம்மாவிடம் நீட்டினேன். “உனக்குக் கொழுப்பு இல்லைன்னு மெஷின் சொல்லுதா? ஒரு நாள் உன் வாய்க்கு முன்னாடி அதைக் கொண்டாந்து வை, சொல்றேன்” என்றாள்.

அந்தச் சீட்டு எங்கும் செல்லாது என்பது எனக்கே தெரியும். அதனால் எடையைக் குறைக்க இறங்கினேன். ஒரு டாக்டரிடம் போய்க் கேட்டிருக்கலாம். நான் கேட்டது செல்போனிடம். அது சொன்னபடி காலையில் வெள்ளரிக்காய், மதியம் கொள்ளுக் கஞ்சி, இரவில் வெறும் வெந்நீர். நாலாவது வாரம் தராசு நகராமல் நின்றபோது கஞ்சியையும் விட்டேன். அது போதாதென்று, வியர்த்தால் இளைக்கும் என்று பிளாஸ்டிக் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு உச்சி வெயிலில் கொள்ளிடம் பாலத்தில் ஓடினேன். கத்திரி வெயிலில் மழைக்கோட்டோடு ஒரு பெண் ஓடினால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று யோசிக்கும் நிலையில் நான் இல்லை. மூளைக்கும் சாப்பாடு போகவில்லையே.

ஆறாவது வாரம் பாதிப் பாலத்தில் கண் இருட்டியது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து குனிந்தேன். அவ்வளவுதான் தெரியும். பின்னாலிருந்து யாரோ மழைக்கோட்டைப் பிடித்து இழுத்தார்கள். ஆட்டோ டிரைவர் செல்வம் அண்ணன்.

“ஏம்மா, உனக்கென்ன பைத்தியமா? லவ் ஃபெயிலியரா?”

“இல்லண்ணே… வெயிட்…”

“யாருக்காக வெயிட் பண்றே? எவன் அவன்? பேரைச் சொல்லு!”

பாலத்தில் இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றுவிட்டன. பஸ் ஜன்னல்களில் தலைகள். ஓர் அம்மா இறங்கி வந்து என் தலையில் தண்ணீரை ஊற்றி, “கீழ தண்ணிகூட இல்லியேடி, கை காலு உடைஞ்சு கிடப்பியே” என்று அழுதார். எனக்கு முன்பே வீட்டுக்குச் செய்தி போய்விட்டது. ஆட்டோவிலிருந்து இறங்கியதும் அம்மா விட்டாள் ஓர் அறை. பிறகு கட்டிக்கொண்டு அழுதாள். “எவன்டி அவன்?” என்றுதான் அவளும் கேட்டாள்.

அதற்கப்புறமும் எனக்குப் புத்தி வரவில்லை. மூன்று நாள் கழித்து மேல்முறையீட்டுக்குப் போனேன். ராணுவ மருத்துவமனையின் ஒரு மாடிப் படியை இரண்டு இடத்தில் உட்கார்ந்துதான் ஏற முடிந்தது. தராசில் நின்றேன். ஏழரை கிலோ குறைந்திருந்தது. குதிக்கலாம் போல இருந்தது, ஆனால் காலில் தெம்பு இல்லை. அதே மேஜர்தான். என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். ரத்தம் எடுக்கச் சொன்னார். மதியம் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“எடை சரி. ரத்தம்தான் இல்லை.”

ரத்தச் சோகை. தகுதியில்லை.

“சாப்பிட்டா சரியாயிடும் மேடம். ஒரு மாசம் குடுங்க.”

“மேல்முறையீட்டுக்கு மேல இதுல வழி இல்லம்மா. முதல் தடவை உனக்கு ரத்தம் பிரமாதமா இருந்துச்சு.” அவர் என் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

ஒருவரைத் தோளில் தாங்கிக் கயிற்றிலிருந்து இறக்கியவளை அந்தத் தராசு வேண்டாம் என்றது. மாடிப்படி ஏற முடியாதவளைச் சரி என்றது. இரண்டு தடவையும் ஓடிக் காட்டு, தூக்கிக் காட்டு என்று அந்த அறையில் ஒருவரும் கேட்கவில்லை. தராசை மட்டும் திட்டிப் பயனில்லை. அது கேட்ட எண்ணுக்காக என் ரத்தத்தை நானேதான் எடுத்துக் கொடுத்தேன்.

இப்போது உறையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருக்கிறேன். போன எடை எட்டே மாதத்தில் திரும்பி வந்துவிட்டது, வட்டியோடு. மேஜர் சொன்ன வாக்கியம் மட்டும் எங்கள் வீட்டுச் சொத்தாகிவிட்டது. பழைய பைக் வாங்கப் போனாலும், எனக்கு மாப்பிள்ளை ஜாதகம் வந்தாலும் அப்பா கேட்பார்: “எல்லாம் சரி, ரத்தம் இருக்கா?”

போன மாதம் காந்தி மார்க்கெட்டில் அம்மா ஒரு தர்பூசணியைத் தட்டிப் பார்த்துவிட்டு, “வெயிட்டு சரிங்க, ரத்தம் இருக்கா?” என்றாள். கடைக்காரர் மிரண்டுபோய் உடனே வெட்டிக் காட்டினார். உள்ளே செக்கச்செவேல் என்று இருந்தது. அப்பாவும் அம்மாவும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பழத்தைத்தான் தின்ன முடியவில்லை.