சுவரை நக்கிப் பார்க்கும் பெயின்டர்

எண்ணூரில் இருக்கும் எல்லாச் சுவர்களின் ருசியும் தெரிந்த ஒரே மனிதர் எங்கள் ‘நாக்கு’ பெயின்டர்தான். சொந்தப் பெயர் அவருக்கே மறந்து போயிருக்கும்.

வீட்டுக்கு வெளிப்பூச்சு அடிக்கக் கூப்பிட்டால், முதலில் கடல் பக்கத்துச் சுவரை ஒரு நக்கு நக்குவார். உப்புக் கரித்தால் டப்பாவைத் திறக்க மாட்டார். நல்ல தண்ணீரில் கழுவச் சொல்லி, காயவிட்டு, மறுபடி நக்குவார். டப்பாவில் என்னவோ ஏழு வருடம் உழைக்கும் என்றுதான் போட்டிருக்கும். அதை எழுதியவர் எங்கள் ஊர்ப் பக்கம் வந்திருக்க மாட்டார். ஒரு பக்கம் உப்புக் காற்று, இன்னொரு பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல். இரண்டு மழைக்காலம் தாங்கினால் அதுவே பெரிய சமாச்சாரம். ரத்தக் கொதிப்பு, உப்பைக் குறையுங்கள் என்று டாக்டர் சொன்னபோது அவர் மனைவி, “சோத்துல நான் கொறைக்கிறேன், செவுத்துல யாரு கொறைக்கிறது?” என்று கேட்டாராம்.

என் தங்கை செல்விக்கு பேசின் பிரிட்ஜிலிருந்து ஒரு வரன் வந்தது. பையனின் அம்மா வாசலில் செருப்பைக் கழற்றும்போது சுவரில் கை ஊன்றினார். உள்ளங்கை முழுக்க வெள்ளை மாவு. “வூட்டையே இப்டி வச்சிகினு கீறாங்க, பொண்ண எப்டி வளத்தாங்களோ” என்று தரகரிடம் சொல்லிவிட்டுப் போனவர்தான். தரகர் காலில் விழாத குறையாகக் கெஞ்சியதில், ஞாயிற்றுக்கிழமை இன்னொரு தடவை வந்து, மனசுக்குப் பிடித்தால் பூ வைப்பதாக ஏற்பாடு. செல்விக்கோ அம்மாவோடு வந்திருந்த அந்தப் பையனை ரொம்பப் பிடித்துவிட்டது. சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

நாக்கு வந்தார், நக்கினார், தலையை ஆட்டினார். கழுவினோம். மறுபடி நக்கினார், மறுபடி கழுவினோம். லாரித் தண்ணீர் பிடித்து வைத்த குடமெல்லாம் சுவருக்கே போனதில் அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. இந்த ஆள் சுவரைத் தின்ன வந்தாரா, பெயின்ட் அடிக்க வந்தாரா என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். வெள்ளிக்கிழமையும் வந்துவிட்டது. அவர் அசையவில்லை. உப்பு மேல் அடித்ததாகத் தன் சரித்திரத்திலேயே கிடையாது என்றார்.

அப்போது செல்வி வெளியே வந்தாள்.

“ஞாயித்துக்கெழம வரைக்கும் நின்னா போதுண்ணா.”

அவள் முகத்தைப் பார்த்தார். டப்பாவைத் திறந்தார்.

ஞாயிறன்று பையனின் அம்மா வேண்டுமென்றே சுவரைத் தேய்த்துப் பார்த்தார். கையில் ஒன்றும் ஒட்டவில்லை. பூ வைத்தார்கள்.

கல்யாணம் முடிந்த கையோடு சுவர் அப்பளமாகப் பொரிய ஆரம்பித்தது. தலை ஆடிக்கு மாப்பிள்ளை வீட்டார் வர இருந்தார்கள். அதற்கு முந்தின நாள், கூப்பிடாமலே நாக்கு வந்து நின்றார். உப்பின இடத்தையெல்லாம் சுரண்டி, பூசிவிட்டுப் போனார். தீபாவளிக்கு வந்தார், பொங்கலுக்கு வந்தார், வளைகாப்புக்கும் வந்தார். அன்றைக்குக் கத்திய அம்மாவுக்கே கூச்சமாகி, எதற்கு இந்தப் பாடு என்று கேட்டாள்.

“உப்பு மேல அடிச்சது நானு. உரிஞ்சா பேச்சு வாங்கறது யாரு? நம்ம பொண்ணுதான?” என்றார்.

சம்பந்தியம்மா இப்போதெல்லாம் சுவர்ப் பக்கம் திரும்புவதே இல்லை. வந்ததும் பேரனைத் தூக்கிக்கொள்கிறார். இதை நாக்கிடம் நாங்கள் யாரும் சொல்லவில்லை. சொன்னால் வராமல் இருந்துவிடுவாரே.