உள்ளங்கைப் பட்டறைக்கல் பற்றவைத்த படலம்

வாழ்க, கரிபூசிய மார்பர், வியர்வையாறு பெருகும் முதுகர், மீசை பாதி பொசுங்கியும் வீறாப்பில் ஒரு மயிரும் பொசுங்காத கொல்லர் கோமான்! அன்னார் தம் கடை வாசலில் ‘இரும்புச் சக்கரவர்த்தி’ எனப் பலகை மாட்டி உலையாட்சி புரிந்துவரும் நாளில், எதிர்க்கடையில் வெல்டிங் வைத்திருக்கும் அவர் மனைவியின் தம்பி வாயைத் திறந்தான்.

“நெருப்புலயே ஒட்டுவேன், நெருப்புலயே ஒட்டுவேன்னு சொல்றீங்களே மாமா, உள்ளங்கை அளவுல ஒரு பட்டறைக்கல் ஒட்டிக் காட்டுங்க. மூணு தடவ தரையில எறிவோம். மேல்தகடு கழண்டுச்சுன்னா பலகையக் கழட்டிடுங்க.”

மூண்டது போர். அடியில் மெல்லிரும்புக் கட்டி, மேலே எஃகுத் தகடு, இரண்டுக்கும் நடுவே அழுக்கு சேராமலிருக்க வெங்காரப் பொடி என அணிவகுத்துச் சென்ற முதற்படை, சுத்தியல் விழுந்த கணமே பிளவுண்டது. தகடு புறமுதுகிட்டுப் பறந்து தண்ணீர்த் தொட்டியில் விழுந்து ‘சொய்ங்’ என்று மானத்தை விட்டது. இரண்டாம் முறை, சக்கரவர்த்தி உலையை முறைத்தபடியே அரைநிமிடம் கூடுதலாக நின்றதில், எஃகு கருகிப் பொரிந்து உதிர்ந்தது.

எஞ்சியது ஒரே தகடு. மனைவியார் நடுவராக வாசற்படியில் அமர்ந்தார். மற்ற கொல்லரெல்லாம் வேலைத்துண்டை நெருப்பில் விட்டுவிட்டு, அதைப் பிடிக்கும் இடுக்கிக் குறட்டை வெளியே எடுத்துச் சூடேறாமல் தண்ணீரில் நனைப்பார்கள். நம் வீரரோ, பிடித்த பிடியை விடுவது பேடிமை எனக் கருதி, கட்டியைக் கவ்விய குறட்டோடு கையை உலைக்கு நேரே நீட்டி, கரிமலை நடுவே கதிரவன் எழுந்ததென இரும்பு வெண்மஞ்சளாய்ச் சுடர்ந்து பொறி கக்கும்வரை, வெங்காரம் உருகிக் குறட்டின் வாயெல்லாம் வழிந்ததையும் பாராமல், முழங்கினார்:

“நல்லாப் பாத்துக்க மாப்ளே. உனக்குக் கரண்டு போனா வாசல்ல உக்காந்து ஈ ஓட்டுவ. நான் அப்பவும் அடிச்சிட்டு இருப்பேன்.”

அடித்தார். இடியேறு மலைமுகட்டில் இறங்கினாற்போல, மதயானை கோட்டைக் கதவை மோதினாற்போல, நான்கு வருடமாக மச்சினன் சிரித்த சிரிப்பெல்லாம் அந்தத் தகட்டின்மேல் உட்கார்ந்திருந்தாற்போல அடித்தார். ஒட்டியது. இரும்பும் எஃகும் ஈருடல் ஓருயிராய்க் கலந்தன. கருப்பேறி ஆறிய குட்டிப் பட்டறைக்கல்லைக் குறட்டோடு வானுயர்த்திக் கர்ஜித்தார்.

“போதும், கீழ வைங்க. எறிஞ்சு பாக்கணும்,” என்றார் மனைவி.

கோமான் குறட்டைத் திறக்கப் போனார். திறக்கவில்லை. உதறினார். கால்களுக்கிடையே இடுக்கி, இரு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்து இழுத்தார், அசையவில்லை.

“என்ன, பிள்ளைய விட மனசு வரலையா?” என்றார் மனைவி.

வேறு வழியின்றிக் குறட்டோடேயே தரையில் எறிந்தார். ஒருமுறை, இருமுறை, மும்முறை. தரை பெயர்ந்தது, தகடு பெயரவில்லை. மச்சினன் குனிந்து, சுற்றிச் சுற்றிப் பார்த்து, நகத்தால் சுரண்டியும் பார்த்து, கடைசியில் கைகூப்பினான்.

“பலகை இருக்கட்டும் மாமா. நான் ஒரு ஒட்டுதான் கேட்டேன். நீங்க ரெண்டு ஒட்டியிருக்கீங்க.”

திசையெட்டும் வென்ற சக்கரவர்த்தி, வெற்றிச்சின்னத்தைக் கக்கத்தில் செருகிக்கொண்டு, எட்டுத்திக்கிலும் எவரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்து, வீரநடை போட்டுத் தெருவைக் கடந்தார்.

மச்சினனிடம் கட்டிங் மெஷின் கேட்டார்.