மருந்தெடுக்கும் நல்லதம்பி

ஓமந்தைச் சந்திக்கு அப்பால் உள்ளே இறங்கும் கிறவல் மண் ஒழுங்கையில், செவ்வாயும் வெள்ளியும் கால் வைக்க இடம் இராது. ஓட்டோக்கள், வான்கள், உழவு இயந்திரப் பெட்டியில் குந்தியிருந்து வந்த குடும்பங்கள். ஐஸ்கிறீம்காரன்கூட மணி அடித்துக்கொண்டு வந்துவிடுவான். எல்லாம் நல்லதம்பி ஐயாவைக் காணத்தான்.

ஐயா மருந்து கொடுப்பவர் அல்ல, எடுப்பவர். உங்களுக்கு ஆகாதவர் யாரோ சோற்றிலோ தேத்தண்ணியிலோ கலந்து ஊட்டிய செய்மருந்து, அதாவது சூனிய மருந்து, உங்கள் வயிற்றில் உருண்டையாகக் கிடக்கிறதாம். ஐயா ஒரு பித்தளைக் குழாயைத் தொப்புளில் வைத்து, மறுமுனையில் வாயை வைத்து உறிஞ்சுவார். கறுத்த உருண்டையொன்று அவர் வாய்க்கு வந்துவிடும். அதை வெள்ளைத் துணியில் துப்புவார். தோல் கிழியாது, இரத்தம் வராது. ஆஸ்பத்திரிகளில் கத்தி வைத்து அறுக்கிறார்கள். பாவம், அவர்களுக்குக் குழாய் அகப்படவில்லை.

மெலிந்தவனுக்கும் மருந்து, கொழுத்தவளுக்கும் மருந்து. பசிக்காவிட்டால் மருந்து, பசித்தால் இன்னும் பெரிய மருந்து. அடுத்தவருக்கு ஊட்டிவிட வன்னியில் இத்தனை பேர் அலைகிறார்கள் என்பது ஐயாவின் யூரியூப் வீடியோக்கள் வரும்வரை யாருக்கும் தெரியாது.

அக்கராயனில் இராசேஸ்வரிக்கு இதெல்லாம் முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. புருஷனை இழந்த, பிள்ளையில்லாத அவள், தம்பி மதுசனின் வீட்டோடு இருந்தாள். விடிய எழும்பி இடியப்பம் அவித்து விற்பாள். வீட்டுச் சமையலும் அவள் கைதான். தம்பியின் மனைவி சுதாஜினிக்கு அப்போது ஐந்தாம் மாதம். வாசல் படலைவரை நடந்தாலே அவளுக்கு மூச்சு வாங்கியது. முகம் தேங்காய்ப்பூப்போல வெளுத்துக் கிடந்தது.

வெளுக்காமல் என்ன செய்யும்? காலையில் தேத்தண்ணியில் தோய்த்த பிஸ்கற். மத்தியானம் மலைபோல வெள்ளைச் சோறு, அதன்மேல் கொஞ்சம் சொதி. குளத்து மீன் மணக்குதாம், முருங்கையிலை வயிற்றைக் குழப்புமாம், பருப்பு வாய்வாம். கிளினிக்கில் கொடுத்த இரும்புச்சத்துக் குளிசையை மட்டும் ஒழுங்காகப் போட்டாள். ஒரு கோப்பை சாயத் தேத்தண்ணியோடு.

"மச்சாள், எனக்கு ஆரோ செய்வினை செய்துபோட்டினம்," என்று ஒருநாள் அழுதாள். அடுத்த வெள்ளியே மதுசன் அவளை ஓமந்தைக்குக் கூட்டிப் போனான்.

வரிசையில் நிற்கும்போதே ஐயாவின் உதவியாள் வீட்டில் யார் யார் என்று விசாரித்து வைத்திருந்தான். நல்லதம்பி ஐயா கண்ணை மூடி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பிள்ளை, மலம் கறுப்பாப் போகுதே?"

சுதாஜினி விறைத்துப்போனாள். கறுப்பாகத்தான் போனது. இரும்புக் குளிசை போட்டால் அப்படித்தான் போகும் என்று கிளினிக் சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. ஆனால் சுவரில் எழுதியதை யார் வாசிக்கிறார்கள்? 

"அது மருந்து கரையிற அடையாளம். உன்ரை வீட்டுக் குசினியிலை நிண்டு சமைக்கிற, உன்னிலும் மூத்த, பிள்ளையில்லாத பொம்பிளைதான் தந்தது," என்றார் ஐயா. திரைக்குப் பின்னால் போய்ப் பூசை முடித்து வந்தார். குழாயை வைத்தார். உருண்டை வந்தது. கிளினிக் குளிசையை நிறுத்தச் சொன்னார். மீன், முட்டை, கீரை, பருப்பு ஒன்றும் தொடக் கூடாதாம், மருந்து அதற்குள்தான் ஒளிக்குமாம். மிச்ச வேரை இன்னொருமுறை வந்து எடுக்க வேண்டுமாம்.

அன்றிலிருந்து இராசேஸ்வரியின் கையால் சுதாஜினி தண்ணீர்கூட வாங்கவில்லை. குசினிக்குள் மச்சாள் வந்தால் எழும்பி வெளியே போனாள். கதை ஊருக்குள் பரவியது. இடியப்பத்துக்குப் பாத்திரத்தோடு வந்து நிற்கும் சனம், இப்போது படலையைக் கடக்கும்போது சைக்கிளை வேகமாக மிதித்தது. அவித்த இடியப்பம் ஆறிக் காய்ந்தது. மாடு தின்றது. மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை.

"தம்பி, நீயும் நம்பிறியோ?" என்று இராசேஸ்வரி கேட்டாள்.

மதுசன் நிலத்தைப் பார்த்தான். "நான் நம்பேல்லை அக்கா. ஆனா அவள் பயப்பிடுறாள்."

இராசேஸ்வரி அன்று அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அடுப்பை மூட்டினாள்.

சில வாரங்களில் சுதாஜினி கிணற்றடியில் மயங்கி விழுந்தாள். குடும்பநல மருத்துவிச்சி சுமித்திரா மிஸ்ஸி ஓடிவந்தாள். கண் இமையை இழுத்துப் பார்த்தாள், நகத்தை அமத்திப் பார்த்தாள். அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"ஆர் குளிசையை நிப்பாட்டச் சொன்னது? உடம்பிலை இரத்தமே இல்லை, பிள்ளை. வயித்திலை இருக்கிற சீவனுக்கும் உம்மடை இரத்தத்திலை இருந்துதானே போகவேணும்? மீனும் பருப்பும் கீரையும் தின்னாமல் இரத்தம் எங்கையிருந்து ஊறும்? குளிசையோடை தேத்தண்ணி குடிச்சால் இரும்பு உடம்பிலை சேராது. கொய்யாப்பழம் தின்னும், தண்ணியோடை போடும்."

"மிச்ச வேரை எடுத்தால் சரியாகிடும் மிஸ்ஸி," என்றாள் சுதாஜினி.

அன்று முதல் இராசேஸ்வரி தம்பியின் போனை வாங்கி வைத்துக்கொண்டு ஐயாவின் வீடியோக்களைப் பார்த்தாள். தன்னைச் சூனியக்காரி ஆக்கிய உருண்டை எங்கிருந்துதான் வருகிறது? திரும்பத் திரும்பப் பார்த்ததில் ஒன்று பிடிபட்டது. திரைக்குப் பின்னால் போகும்வரை ஐயா வாய் ஓயாமல் கதைக்கிறார். திரும்பி வந்த பிறகு ஒரு சொல் இல்லை. தலையாட்டல், கைச்சாடை, அவ்வளவுதான். எல்லா வீடியோவிலும் அப்படியே.

"சுதா, நானும் ஓமந்தைக்கு வாறன்," என்றாள்.

செய்தவளே வந்தால் வேர் முழுதாக வந்துவிடும் என்று சுதாஜினி நினைத்திருக்கலாம். வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை முற்றம் நிறையச் சனம். ஐயா திரைக்குப் பின்னால் போனார், விபூதி மணக்க வந்தார், குழாயை எடுத்தார். சுதாஜினி பாயில் படுத்திருந்தாள். இராசேஸ்வரி எழும்பி நின்றாள்.

"ஐயா, இவளுக்கு மருந்து குடுத்தது நான்தானாம். உங்கடை வாயாலைதான் சொன்னியள்."

சனம் ஒருமுறை மூச்சை இழுத்தது. ஐயா பெரிதாகத் தலையாட்டினார்.

"அப்ப என்ரை பாவமும் தீரவேணும். முருகன்ரை பேரைச் சொல்லி ஒருக்கா அரோகரா எண்டு வாய் திறந்து சொல்லிப்போட்டு எடுங்கோ ஐயா. வேறொண்டும் வேண்டாம்."

இதில் பிழை சொல்ல என்ன இருக்கிறது? பக்தியான வேண்டுகோள். பின்வரிசையில் ஒரு கிழவர் கையை உயர்த்தி "முருகனுக்கு..." என்று தொடங்கினார். முற்றம் முழுவதும் "அரோகரா!" என்றது. ஐயா மட்டும் சொல்லவில்லை.

"ஐயா மௌன விரதம்!" என்று அவருடைய உதவியாள் கத்தினான்.

"என்னாங்க மௌன வெரதம்?" முறிகண்டியிலிருந்து மகளோடு வந்திருந்த மாயாண்டி எழும்பினார். மலையகத் தேயிலைத் தோட்டத்துப் பேச்சு அவரிடம் மாறவே இல்லை. "இப்பத்தான அந்தப் பக்கம் போன்ல சிரிச்சிப் பேசிக்கிட்டு இருந்தாரு. என் காதால கேட்டேனே!"

"அரோகரா தானே, சொல்லுங்கோவன் ஐயா!" என்று நாலாபுறமும் குரல்கள்.

ஐயா சொல்லப் பார்த்தார். "அமோ... மம்..." கடவுள் பெயரில் ஒரு சொல்லுக்கு அவர் வாயில் இடம் இல்லை. அவசரத்தில் விழுங்கப் பார்த்தார். அது தொண்டையில் நின்றுவிட்டது. கண் பிதுங்கியது, குழாய் கையிலிருந்து விழுந்து உருண்டது. சீடர்கள் எல்லோரும் கும்பிட்டபடி நின்றார்கள். ஓடிப்போய் முதுகில் ஓங்கி அறைந்தவள் இராசேஸ்வரி. அடித்த அடியில் கொஞ்சம் சொந்தக் கணக்கும் இருந்திருக்கலாம்.

பாயில், சுதாஜினியின் காலடியில், கறுத்த உருண்டை வந்து விழுந்தது.

மாயாண்டி குனிந்து பார்த்தார். "கொழாய வைக்கவே இல்லியே. அப்ப இது யாரு வயித்துல இருந்திச்சு?"

இராசேஸ்வரி அதை எடுத்து விரலால் நசித்தாள். "மா. கரியும் மயிரும் போட்டு உருட்டின அரிசிமா," என்றாள். "அதையும் ஒழுங்கா அவிக்கேல்லை."

முதலில் சிரித்தது மாயாண்டியின் மகள். பிறகு முற்றமே சிரித்தது. நல்லதம்பி ஐயா பின்பக்கத்து வேலியால் போனதை வீடியோ எடுக்கத்தான் ஆள் இல்லை.

வீட்டு வாசலில் ஓட்டோவை விட்டு இறங்கிய சுதாஜினி நேரே குசினிக்குள் போய் நின்றாள்.

"மச்சாள், தின்ன என்னவும் இருக்கோ?"

இராசேஸ்வரி குளத்து மீன் குழம்பும் முருங்கையிலை வறையும் போட்டுக் கொடுத்தாள். சுதாஜினி அழுதபடி தின்றாள். மீன் மணக்கிறது என்று சொல்லவில்லை. குளிசையும் தண்ணீரோடு உள்ளே போனது. மாதங்கள் போக முகத்தில் இரத்தம் ஏறியது. கார்த்திகை மழையோடு ஒரு பெண்பிள்ளை பிறந்தது. நல்ல நிறை, நல்ல தொண்டை. அது வாய் திறந்து கத்தியது அக்கராயன் குளக்கட்டுவரை கேட்டிருக்கும்.

ஓமந்தை ஒழுங்கையில் இப்போது கூட்டம் இல்லை. கூட்டம் முல்லைத்தீவுப் பக்கம் போய்விட்டது. அங்கே ஒருவர் எலுமிச்சம்பழத்தைத் தலையைச் சுற்றி எறிந்து சோகை தீர்க்கிறாராம். அந்தப் பழத்தைக் கீரையில் பிழிந்து தின்றால் இரத்தம் ஊறும். சந்தியில் எறிந்தால் மாட்டுவண்டிச் சில்லில் நசியும். இதில் எது நல்லதென்று யோசிக்கவும் உங்களுக்கு ஒரு ஐயா வேண்டுமா?