பீரைக் கூண்டில் ஏற்றிய சம்சயம் அண்ணன்

“ஒனக்கு நாக்கு உண்டு, பிள்ளே. அதை நீ வந்த அன்னைக்கே கேட்டாச்சு. ருசி உண்டா? அதாக்கும் எனக்க சம்சயம்.”

கேரள எல்லையிலுள்ள பூவாரில் கழிமுகத்தைப் பார்த்து நிற்கும் ஒரு விடுதியில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் இப்படிக் கேட்டவரை எல்லோரும் சம்சயம் அண்ணன் என்பார்கள். சந்தேகத்துக்கு எங்கள் பக்கத்தில் சம்சயம் என்று பெயர். உலகத்தில் பீரைக் குடித்தவர்கள் உண்டு, குடித்துவிட்டு இல்லை என்றவர்கள் உண்டு. பீரைக் கைது செய்து, கூண்டில் ஏற்றி, குறுக்கு விசாரணை செய்தவர் அவர் ஒருவர்தான் என்று எந்தக் கோயிலிலும் கற்பூரம் அடித்துச் சொல்வேன்.

அவர் விடுதியின் ஸ்டோர் கீப்பர். நாற்பது வயதிருக்கும். சுத்த சைவம். ஆனால் அந்த மூக்கு எந்த ஆசாரத்துக்கும் கட்டுப்பட்டதல்ல. மீன்காரர் படகுத்துறையில் கூடையை இறக்கும்போதே ஸ்டோருக்குள்ளிருந்து, “அந்த நெய்மீன் முந்தாநாள் செத்ததாக்கும், திருப்பிக் கொண்டு போ!” என்று சத்தம் வரும். பால் பாக்கெட்டைப் பிரிக்காமலே முகர்ந்து, “பசுவுக்கு மனசு சரியில்லே” என்பார். எங்கள் மேலாளர், தன் மனைவியின் உத்தரவுப்படி உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தவர். ஒருநாள் அவர் பக்கத்தில் வந்து நின்றதுதான் தாமதம், “மேனேஜர் சாறு இன்னைக்கு ரெண்டு பழம்பொரி தின்னாச்சு, எண்ணெ மணம் அடிக்கு” என்று அண்ணன் கூட்டத்தில் அறிவித்தார். அதிலிருந்து மேலாளர் அவரிடம் ஆறடி தள்ளி நின்றே பேசுவார்.

என்னைப் பற்றி ஒரு வரி. குளத்தூரில் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பு வரை போன முதல் ஆள் நான். போனதோடு நிற்காமல் ஓட்டல் நிர்வாகமும் படித்தேன். அப்பா ரப்பர் வெட்டுகிறார். நான் பார் மேசைக்குப் பின்னால் நிற்கிறேன் என்பதை அம்மா பாதி மனதோடு ஒத்துக்கொண்டதற்கு ஒரே ஒரு நிபந்தனை: “ஆறு மாசம் பாப்பேன். வேலை நிரந்தரம் ஆவல்லேன்னா, பாறசாலையில சித்தப்பா சொல்லி வச்சிருக்க துணிக்கடையில போயி இருக்கணும்.” நானும் சரி என்று சொல்லியிருந்தேன். துணிக்கடை கேவலமில்லை. ஆனால் நான் படித்தது அதற்கல்ல.

ஐந்தாவது மாதம் முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. பெங்களூரிலும் கோவாவிலும் சின்ன ஆலைகளில் விதவிதமாகக் காய்ச்சுகிற கிராஃப்ட் பீர்களில் பத்து வகையை வரவழைத்தார். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை மார்க், இரண்டு வரி வர்ணனை, எல்லாம் ஓர் அட்டையில் அச்சடித்து விருந்தினருக்குக் கொடுக்க வேண்டும். பார் ஊழியர்களிடம் மார்க் போடச் சொன்னால் பத்துக்கும் பத்து போட்டுவிட்டு, சரியாகப் பார்க்கவில்லை, இன்னொரு தடவை தாருங்கள் என்றார்கள். அதனால் பொறுப்பு மூக்கிடம் போனது. டின்களைத் திறந்து கொடுக்கும் வேலை எனக்கு.

முதல் நாள் விசாரணையை நான் மறக்கவே மாட்டேன். மேசையில் வரிசையாகக் கண்ணாடிக் கோப்பைகள். அண்ணன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அவற்றைச் சுற்றி வந்தார். ஜன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றார். திடீரென்று திரும்பினார்.

“என்னத்துக்கு அண்ணா திரும்பினிய?”

“நான் பாக்காதப்பம் நுரை என்ன செய்யுதுண்ணு அறியணும்.”

பிறகு இடது மூக்கால் ஒரு முறை, வலது மூக்கால் ஒரு முறை, இரண்டையும் சேர்த்து ஒரு முறை. ஒரு வாய் எடுத்து மூன்று எண்ணும் நேரம் உருட்டுவார். உடனே பக்கத்தில் வைத்திருந்த பித்தளைக் கோளாம்பியில் துப்பிவிடுவார்.

“விழுங்க மாட்டியளா?”

“சாட்சியை யாராவது விழுங்குவானா?”

எல்லா பீரும் பத்து மார்க்கோடு தொடங்கும். குற்றம் கண்டுபிடிக்கக் கண்டுபிடிக்க மார்க் இறங்கும். கோதுமை பீரை முகர்ந்ததும் அவர் முகம் மாறியது. “வாழைப்பழ வாசனை அடிக்கு. டின்னுல வாழைப்பழம்ணு எழுதல்லே. பின்ன எங்கேருந்து வந்தது?” கோதுமை பீரில் ஈஸ்ட்டே அந்த வாசனையைத் தரும் என்று நான் படித்ததைச் சொன்னேன். “அப்போ ஈஸ்ட்டும் இதுல கூட்டாக்கும்” என்று ஆறு போட்டார். கறுப்பாக இருக்கும் ஸ்டவுட்டில் காப்பி மணம். “காப்பி குடிக்க ஆசை இருக்கவன் காப்பி குடிக்கட்டு. இது எதுக்கு வேஷம் கெட்டிட்டு வருது?” ஐந்து.

புளிப்பு வகைக்கு வந்தபோது, கெட்டுப்போய்விட்டது என்று சொல்லி விற்றவர்களுக்கே கடிதம் எழுதிவிட்டார். அது புளிக்கத்தான் வேண்டும் என்று பதில் வந்தது. அண்ணன் அந்தப் பதிலையும் முகர்ந்து பார்த்தார். “கெட்டுப் போனதை விக்கதுக்கு ஒரு பேரு வச்சிருக்கானுவ, பாத்தியா மக்கா?” இரண்டு மார்க். அதிலும் ஒன்று டின்னுக்கு.

கடைசியாக ஐ.பி.ஏ. ஹாப்ஸ் என்ற பூவை வாரிப் போட்டுக் காய்ச்சுவது, கசப்புக்குப் பேர்போனது. அண்ணன் முகர்ந்தார். கண்ணை மூடினார். ஒரு வாய் உருட்டித் துப்பினார். “மாம்பழம். நாரத்தைத் தோலு. பாவம், இது சாது.” ஒன்பது! வர்ணனையில், ‘மிகவும் சாதுவானது. முதல் முறை பருகுவோருக்கு ஏற்றது’ என்று எழுதினார்.

எனக்கு அப்போதுதான் சந்தேகம் வந்தது. அவரோடு இருந்தால் அது ஒட்டிக்கொள்ளும். அவர் சாப்பிடப் போன நேரத்தில் மிச்சமிருந்த டின்னிலிருந்து இரண்டு மடக்கு விழுங்கினேன். நாக்கில் மாம்பழம் என்பது உண்மை. ஆனால் தொண்டை தாண்டியதும் வேப்பம்பட்டையை அரைத்து ஊற்றியதுபோல் ஒரு கசப்பு எழுந்து, நின்று, போக மறுத்தது.

திரும்பி வந்தவர் டின்னைத் தூக்கி ஆட்டினார். “ரெண்டு மடக்கு கொறைஞ்சிருக்கு. யாருடே?”

“நான்தான். குடிச்சுப் பாத்தேன்.”

“விழுங்கினியா?”

“விழுங்கினேன். கசப்பு தொண்டையிலயாக்கும் இருக்கு, அண்ணா. நீங்க சட்டுனு துப்புறதுனால தெரியல்லே. ஒன்பது தப்பு. சாதுங்கிறது அதைவிடத் தப்பு.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “பீரைக் கெடுக்கப் பாக்குற ஆளு உள்ளேயே இருக்கு. நான் வெளியில தேடினேன்” என்றார்.

மேலாளரிடம் போனேன். அண்ணனுக்கு ஒன்பது வருட அனுபவம், எனக்கு ஐந்து மாதம். அட்டை அப்படியே அச்சுக்குப் போனது. “சனிக்கிழமை நாலு மணிக்கு முதல் ருசிப்பு. அட்டையில் உள்ளதை நீ வாசிக்க வேண்டும். நன்றாக நடந்தால் நிரந்தரம். இல்லையென்றால் பார்க்கலாம்” என்றார் மேலாளர். அவருடைய ‘பார்க்கலாம்’ பாறசாலைத் துணிக்கடை வரைக்கும் கேட்டது.

சனிக்கிழமை சென்னையிலிருந்து பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். படகுத்துறைக்குப் பக்கத்தில் மேசை. நான் வாசிக்க வாசிக்கச் சிரித்தார்கள். ஸ்டவுட் வேஷம் கட்டிய கதைக்குக் கை தட்டினார்கள். மேலாளர் முகத்தில் வெளிச்சம். ஐ.பி.ஏ. வந்தது. அவர்களில் ஓர் அக்கா அதுவரை எதையும் தொடவில்லை. “நான் குடிச்சதே இல்லைங்க. அட்டையில சாதுன்னு போட்டிருக்கே, அதுக்காகத்தான் உக்காந்திருக்கேன்” என்று கோப்பையைத் தூக்கி முகர்ந்தார்.

அட்டை என் கையில் இருந்தது. வாசித்திருந்தால் வேலை நிரந்தரம்.

“அக்கா, குடிச்சிராதீங்க” என்றேன். “இந்த அட்டையில் போட்டிருப்பது தப்பு. மூக்குக்குத்தான் இது மாம்பழம். தொண்டைக்கு நல்ல கசப்பு. கசப்பு பிடித்தவர்கள் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.”

“அய்யோ, ஈ குட்டி என்டெ பணி களயும்!” என்று மேலாளர் தலையில் கைவைத்தார். இந்தப் பெண்ணால் தன் வேலை போகப்போகிறது என்று அவருக்கு உறுதியாகிவிட்டது. பதினொரு பேர் ஆர்வத்தில் உடனே குடித்தார்கள். பதினொரு முகங்களும் சுளித்தன. இரண்டு பேர் மட்டும், “ஆனா நல்லாருக்கு” என்றார்கள்.

பின்வரிசையிலிருந்து சம்சயம் அண்ணன் எழுந்தார். கையில் நோட்டுப் புத்தகம். எனக்கு எதிராகத்தான் வருகிறார் என்று நினைத்தேன். நேராக முதல் விருந்தினர் முன்னால் போய் நின்றார்.

“சாறே, விழுங்கினியளா?”

“ஆமா.”

“துப்பல்லியே?”

“எதுக்குங்க துப்பணும்?”

“கசப்பு எங்க இருக்கு? கையை வச்சுக் காட்டுங்க.”

அவர் தொண்டையில் கை வைத்தார். அண்ணன் குறித்துக்கொண்டார். அடுத்தவர். தொண்டை. அதற்கடுத்தவர். தொண்டை. சிறிது நேரத்தில் கழிமுகக் காற்றில் பதினொரு பேர் ஏதோ சத்தியப் பிரமாணம் எடுப்பதுபோல் தொண்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். குடிக்காத அக்காவிடமும் போனார்.

“நான் மோந்துதான் பாத்தேங்க. மாம்பழ வாசனைதான். ஆனா இவங்க மூஞ்சியைப் பாத்தா நம்பிக்கை வரலை.”

“நல்ல சாட்சி” என்று எழுதினார். பிறகு என் பக்கம் திரும்பினார். “நீயும் தொண்டையிலண்ணுதானே சொன்னே?”

“அப்பமே சொன்னேனே, அண்ணா.”

“சொன்னே. ஒருத்தி சொன்னாண்ணு தீர்ப்பை மாத்த முடியுமா? இப்பம் பதினொண்ணு உண்டு.” பேனாவை எடுத்து மேசையிலிருந்த முதல் அட்டையில் ஒன்பதை அடித்தார். “எத்தனை போடட்டு?”

“எட்டு. கசப்பு வேணும்ணு தேடி வாறவங்களுக்கு இது நல்ல பீராக்கும்.”

“கசப்பைத் தேடி வருவினுமா?” விருந்தினர்களை ஒருமுறை சந்தேகமாகப் பார்த்தார். ஆனாலும் பன்னிரண்டு அட்டைகளிலும் எட்டு போட்டு, கீழே ஒரு வரி எழுதினார்: ‘மூக்கு நான். தொண்டை இவள்.’

விருந்தினர்கள் அந்த அட்டைகளைத் திருப்பித் தரவில்லை. ஊருக்கு எடுத்துப் போனார்கள். இருந்தும் மேலாளர் ‘பார்க்கலாம்’ என்று தொடங்கினார். அண்ணன் ஆறடிக்குள் போய் நின்று, “அவளை அனுப்பினா எனக்க மார்க் ஒண்ணும் செல்லாது. இஞ்ச விழுங்கதுக்கு ஒரு ஆளு வேணும்” என்றார். மேலாளர் அன்றும் ஏதோ தின்றிருக்க வேண்டும். மறு வாரமே நிரந்தர உத்தரவு என் கைக்கு வந்தது. அம்மா அதை வாசிக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டாள்.

அதன்பிறகு அவர் என்னை நம்பினாரா? ஒவ்வொரு டின்னையும் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் என் கையில் கொடுப்பார். போன வருடம் கள்ளிக்காடு என்ற ஊரில் தேன் வாங்கி விற்கும் ஒரு கடைக்கு மாறிப் போனார். அங்கே தேனீக்களை ஒவ்வொன்றாக விசாரிக்கிறார் என்று கேள்வி.

பெங்களூரில் பீர் ருசிப்பவர்களுக்கு ஒரு தேர்வு உண்டு. அதில் தேறினால் எந்த ஊரிலும் நடுவராக உட்காரலாம். போன திங்கட்கிழமை விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன். என் நேர்மைக்கு உறுதி சொல்ல நம்பிக்கையான ஒருவரின் பெயரைக் கேட்டிருந்தார்கள். நான் யோசிக்கவே இல்லை. சம்சயம் அண்ணன் பெயரைத்தான் எழுதினேன்.